தடைக்காலம் பற்றி ஐந்து உரைகள்: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்து வகையை அடையாளம் காண்பது குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் தேர்வர் ஒரு தனி ஆள் இல்லை. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என ராமநாதபுரம் கரையோர ஊர்களில் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளை ஒருவர் பேரில் சேர்த்து எழுதியிருக்கிறோம். பாலிடெக்னிக் டிப்ளமா படித்தவர். வளைகுடாவில் சில ஆண்டுகள் ஏசி பராமரிப்பு வேலை பார்த்தவர். வீட்டில் விசைப்படகுத் தொழில். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற விண்ணப்பிக்க நினைக்கிறார். அங்கே ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவுக்குக் கனடிய மொழி அளவுகோலில் 7ஆம் நிலை வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில், வேலைக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஜெனரல் டிரெய்னிங் வகையின் கணக்கில், அது வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என நான்கு திறன்களிலும் தலா 6.0.

வாசிப்புத் தாளுக்கு மூன்று பகுதி, 60 நிமிடம், 40 கேள்விகள். விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது. 6.0 வாங்க ஏறத்தாழ 30 விடைகள் சரியாக இருக்க வேண்டும், 5.0க்கு 23 போதும். நம் தேர்வர் நிற்பது 24இல். தவறிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்த வாக்கியத்துக்குத் தமிழில் பொருள் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவற்றுக்குச் சரியாகவே சொல்கிறார். வாக்கியம் புரிந்தும் விடை தவறுகிறது என்றால், சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது அவருக்கு மருந்து அல்ல. அறிவிப்பு, செய்தி, விளம்பரம், கட்டுரை எது வந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில், ஒரே நம்பிக்கையோடு படிக்கிறார். இது எந்த வகை எழுத்து என்று பார்ப்பதில்லை; நோய் அங்கே இருக்கிறது.

தலைப்பையும் கட்டத்தையும் எடுத்துவிட்டால்

பயிற்சிக்காக ஐந்து உரைகளை ஆங்கிலத்தில் எழுதினோம். ஐந்துக்கும் பொருள் ஒன்று: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடக்கும் மீன்பிடித் தடைக்காலம். ஒன்று துறைமுக வாசலில் ஒட்டும் அறிவிப்பு. ஒன்று நாளிதழ்ச் செய்தி. ஒன்று, கட்டிப்போட்ட படகை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லும் துண்டறிக்கை. ஒன்று, தடைக்காலத்தில் படகுக்கு மராமத்தும் பெயின்ட்டும் செய்து தரும் பட்டறையின் விளம்பரம். கடைசியாக, மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்று அந்த இரண்டு மாதத்துக்குத் தன் ஊழியர்களுக்கு வகுத்த விடுப்பு விதி.

தலைப்பு, படம், கட்டம், தேதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நீக்கி, ஐந்தையும் ஒரே எழுத்துருவில் அச்சிட்டு, எது என்ன வகை என்று எழுதச் சொல்வதுதான் முதல் சோதனை. நம் தேர்வர் அறிவிப்பைச் சரியாகச் சொல்கிறார். துண்டறிக்கையை விளம்பரம் என்கிறார், இரண்டிலும் ‘யூ’ வருவதால். விடுப்பு விதியை அறிவிப்பு என்கிறார், ‘மஸ்ட்’ வருவதால். செய்தி அவருக்குக் கட்டுரையாகத் தெரிகிறது. இதுவரை அவர் வகையைக் கண்டுபிடித்ததெல்லாம் கண்ணில் பட்ட தோற்றத்தை வைத்துத்தான். தேர்வுத் தாளிலோ கணினித் திரையிலோ அந்தத் தோற்றம் பாதிக்கு மேல் மங்கிவிடும்.

எனவே தோற்றத்தை விட்டுவிட்டு நான்கு கேள்விகளைப் பழக்க வேண்டும். பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்கிறார்? இதைப் படிக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? நான்கில் கடைசிக் கேள்விதான் அதிகம் உதவுகிறது என்பது எங்கள் முடிவு. அறிவிப்பைப் படிக்காதவர் அபராதம் கட்டுவார், நஷ்டம் வாசகருக்கு. விளம்பரத்தைப் படிக்காமல் போனால் நஷ்டம் பட்டறைக்காரருக்கு. துண்டறிக்கையைப் படிக்காதவரின் என்ஜின் கெட்டுப்போகலாம். எழுதியவருக்கு ஒன்றும் குறையாது. விளம்பரத்தையும் துண்டறிக்கையையும் பிரித்துக் காட்ட இந்த ஒரு கேள்வி போதும். செய்தியைப் படிக்காவிட்டால் யாருக்கும் உடனடி நஷ்டம் இல்லை. விடுப்பு விதியைப் படிக்காதவருக்கு நஷ்டம் உண்டு, ஆனால் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு மட்டும். தெருவில் போகிற யாரையும் கட்டுப்படுத்தும் அறிவிப்பிலிருந்து அது அங்கே பிரிகிறது.

இதற்கு ஓர் உரைக்கு 30 முதல் 40 விநாடி கொடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கேள்விகளுக்கு நேரம் பற்றாது. பாம்பனில் ஏற்றிய புயல் கூண்டின் எண்ணைப் பார்த்ததும் கரையில் நிற்பவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதுபோல, வகை தெரிந்ததும் எங்கே தேடுவது என்பது முடிவாகிவிட வேண்டும்.

விடை எங்கே ஒளிந்திருக்கும்

அறிவிப்பில் விதி முன்னால் வரும், விலக்கு பின்னால் வரும். கேள்வி பெரும்பாலும் விலக்கைத்தான் குறிவைக்கும். எங்கள் அறிவிப்பின் முதல் வாக்கியம் ‘மெக்கனைஸ்டு போட்ஸ் ஆர் நாட் பெர்மிட்டட் டு லீவ் ஹார்பர்’ என்று இருந்தது. அனுமதி மறுப்பது யார் என்று வாக்கியத்தில் இல்லை. இந்தச் செயப்பாட்டு வினை அறிவிப்பின் அடையாளம். அதிகாரம் தன் பெயரைச் சொல்லாமலே பேசும். நான்காம் வாக்கியத்தில் ‘எக்ஸெப்ட்’ வந்து நாட்டுப்படகுகளை விலக்கியது. அன்லெஸ், எக்ஸெப்ட், ப்ரொவைடட் தட், அதர் தேன் ஆகிய நான்கு விலக்குச் சொற்களையும் அறிவிப்பில் பார்த்தவுடன் அடிக்கோடிடச் சொல்கிறோம். நம் தேர்வர் முதல் வாக்கியத்திலேயே நின்று ‘எல்லாப் படகுக்கும் தடை’ என்று விடை எழுதியிருந்தார்.

விளம்பரத்தில் கவனிக்க வேண்டியவை சின்னச் சொற்கள். ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் விலை குறைந்தபட்ச விலை. ‘அப் டு 20 பெர்சென்ட்’ என்றால் அதிகபட்சத் தள்ளுபடி 20 சதவீதம். 5 சதவீதம் கிடைத்தாலும் விளம்பரம் பொய் ஆகாது. ‘செலக்டட்’, ‘சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி’ இரண்டும் வாக்குறுதியைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்பவை. எல்லா வாடிக்கையாளருக்கும் 20 சதவீதம் தள்ளுபடி என்ற கூற்றுக்கு விடை ஃபால்ஸ் (தவறு). இதை விளக்க நேரமே ஆகாது. கடையில் துணி எடுத்த அனுபவம் உள்ள எல்லாரும் ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

துண்டறிக்கை ஏவல் வினையில் பேசும்: ‘டிஸ்கனெக்ட் தி பேட்டரி’. ஆனால் அது கட்டளை அல்ல, ஆலோசனை. ஏவலுக்குப் பக்கத்திலேயே காரணம் நிற்கும்: ‘டு அவாய்ட்’, ‘திஸ் வில் ஹெல்ப்’, ‘அதர்வைஸ்’. அறிவிப்பு காரணம் சொல்லாது. ‘படகு உரிமையாளர் கட்டாயம் பேட்டரியைக் கழற்ற வேண்டும்’ என்ற கூற்று வந்தால், உரையில் இருப்பது மஸ்டா ஷுட்டா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே வாசித்துப் பழகியதால் இந்த இடத்தில் கரையோரத் தேர்வர்கள் மட்டுமல்ல, தமிழில் சிந்திக்கும் யாரும் தடுமாறுவார்கள். மஸ்ட், ஹேவ் டு, ரிக்வயர்டு ஒரு பக்கம். ஷுட், அட்வைஸ்டு, ரெகமண்டட், எ குட் ஐடியா மறுபக்கம். மே, கேன், ஆப்ஷனல் மூன்றாம் பக்கம். இந்த மூன்று அடுக்கும் கை தானாகப் பிரிக்கும் அளவுக்குப் பழக வேண்டும்.

விடுப்பு விதி போன்ற பணியிட உரைகள் இரண்டாம் பகுதியில் வரும். அவற்றின் உயிர் ‘யாருக்கு எவ்வளவு’ என்பதில் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு ஒன்று, ஒப்பந்த ஊழியருக்கு ஒன்று, பயிற்சியில் இருப்பவருக்கு ஒன்று. ‘என்டைட்டில்டு டு’, ‘எலிஜிபிள் ஃபார்’, ‘இன் ரைட்டிங்’, ‘அட் லீஸ்ட் ஃபோர்ட்டீன் டேஸ் பிஃபோர்’ ஆகியவை தெரிந்தால் இது பணியிட விதி என்று உறுதி செய்துகொண்டு, ஓரத்தில் மூன்று கோடு போட்டு, பிரிவுக்கு ஒரு எண் எழுதிக்கொள்ளலாம். கணினித் தேர்வில் திரையிலேயே நிறம் தீட்டிக் குறிக்க வசதி இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வகை நன்றாக வருகிறது. ஒப்பந்தத் தாளை வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பழக்கம் அது.

செய்தியில் தலைப்பு ஒரு தனி மொழி. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லும் (‘ஃபிஷிங் பேன் பிகின்ஸ்’). நாளை நடக்கப்போவதை ‘டு’ வைத்துச் சொல்லும் (‘ட்ராலர்ஸ் டு ஸ்டே இன் ஹார்பர்’). ஆர்ட்டிக்கிளையும் (எ, தி) பி வினையையும் (இஸ், ஆர்) உதறிவிடும். யார், எங்கே, எப்போது, என்ன ஆகியவை முதல் பத்தியில் முடிந்துவிடும். கீழே இறங்க இறங்க முக்கியம் குறையும். ஆனால் தேர்வில் பெரிய கண்ணி இது எதுவும் இல்லை, ‘செட்’, ‘கிளெய்ம்டு’, ‘அக்கார்டிங் டு’ மூன்றும்தான். எங்கள் செய்தியில் மீனவர் சங்கப் பிரதிநிதி ஒருவர் நிவாரணத் தொகை போதாது என்று சொன்னதாக இருந்தது. ‘நிவாரணம் போதாது என்பது எழுதியவரின் கருத்து’ என்ற கூற்றுக்கு நம் தேர்வர் சரி என்று போட்டார். செய்தியாளர் அதை இன்னொருவர் வாயில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஒவ்வொரு கருத்து வாக்கியத்தின் மேலும் ‘யார் வாய்?’ என்று எழுதிப் பார்ப்பது சலிப்பான வேலை. ஆனால் செய்தியைப் படிக்க வேறு வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

ஊரறிந்த விஷயமே எதிரி

உள்ளூர்ப் பொருளில் உரை எழுதிக் கொடுப்பதில் ஒரு லாபமும் ஒரு ஆபத்தும் உண்டு. சொற்கள் தடுக்காததால் வகையின் மேல் முழுக் கவனம் போகும், அது லாபம். ஆபத்து ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளில் (கூற்று உரைப்படி சரியா, தவறா, உரையில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பவை) வெளிப்படுகிறது.

செய்தியை ஒட்டி எழுதிய கூற்றுகளில் ஒன்று, ‘மீன் இனப்பெருக்கத்துக்காகத் தடை விதிக்கப்படுகிறது’. இன்னொன்று, ‘முன்பு தடைக்காலம் இதைவிடக் குறைவு’. நம் தேர்வர் இரண்டுக்கும் யோசிக்காமல் ட்ரூ போட்டார். இரண்டும் உலகில் உண்மைதான். முன்பு 45 நாளாக இருந்த தடை 61 நாளாக நீட்டப்பட்டது படகு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் தெரியும். ஆனால் எங்கள் உரையில் காரணமும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. இரண்டுக்கும் விடை நாட் கிவன். “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்” என்பது இந்த இடத்தில் தவறாமல் எழும் வாதம். தேர்வு கேட்பது எல்லாருக்கும் தெரிந்ததை அல்ல, இந்தத் தாளில் அச்சானதை.

இங்கேயும் வகை கைகொடுக்கிறது. அறிவிப்பு காரணம் சொல்லாது என்று பழகியவர், அறிவிப்பின் மேல் ‘ஏனெனில்’ என்று வரும் கூற்றைப் பார்த்ததும் சந்தேகப்படுவார். விளம்பரம் தன் குறையைச் சொல்லாது. குறை பற்றிய கூற்று வந்தால் நாட் கிவன் ஆக வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், விதி அல்ல; உரையில் தேடிப் பார்த்த பிறகே விடை எழுத வேண்டும். ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவே தடுமாறுபவருக்கு ஒரு சோதனை: கூற்றை மறுக்கும் சொற்களை உரையில் விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் ஃபால்ஸ். விரல் வைக்க இடமில்லை என்றால் நாட் கிவன்.

பாம்பன் பாலமும் பத்தித் தலைப்பும்

மூன்றாம் பகுதி ஒரே நீளக் கட்டுரை. இதற்குப் பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி ஐந்து பத்தியில் ஒரு உரை எழுதினோம். முதல் பத்தி கடல்மேல் ரயில் போகும் காட்சி. இரண்டாவது, 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலமும் கப்பல் போக ஆட்கள் நெம்பித் திறந்த ஷெர்சர் தூக்குப் பகுதியும். மூன்றாவது, 1964 டிசம்பர் புயலும் அதன் பிறகு நடந்த சீரமைப்பும். நான்காவது, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. ஐந்தாவது, 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலம், 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் தூக்குப் பகுதி 17 மீட்டர் வரை செங்குத்தாக மேலே எழும்.

கொடுத்த பட்டியலிலிருந்து மூன்றாம் பத்திக்குத் தலைப்பு பொருத்தும்போது நம் தேர்வர் ‘எ டெரிபிள் ஸ்டார்ம்’ என்பதை எடுத்தார். தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன இரவு என்றால் இந்தக் கரையில் யாருக்கும் மனம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்தப் பத்தியில் புயலுக்கு இரண்டு வாக்கியம்தான். மீதி ஐந்தும் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் பாலம் 46 நாளில் மீண்டதைச் சொல்கின்றன. விடை ‘எ ரிமார்க்கபிள் ரிகவரி’. கட்டுரை வகையில் ஒரு பத்தி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதும், அது என்ன வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. மனத்தைத் தொடும் செய்தி பத்தியின் வாசலில் நின்று வாசகரை உள்ளே கூப்பிடும். வேலை உள்ளே நடக்கும். ‘யெட்’, ‘ஹவெவர்’, ‘வாட் இஸ் லெஸ் வெல் நோன்’ வந்த இடத்திலிருந்து பத்தியின் உண்மையான பொருள் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பத்திக்கும் இதே கதி. அது வெறும் காட்சி என்பதால் அதிலேயே மையக் கருத்தைத் தேடி நேரத்தை விடுகிறார்கள். அறிவிப்பிலும் செய்தியிலும் முக்கியமானது முன்னால் வரும், கட்டுரையில் வராது. இந்த ஒன்றைக் கொண்டே நேரத்தையும் பங்கிடலாம்: முதல் பகுதிக்கு 15, இரண்டாம் பகுதிக்கு 20, மூன்றாம் பகுதிக்கு 25 நிமிடம். மூன்றுக்கும் இருபது இருபது என்று வைப்பவர்கள் கடைசித் தலைப்புகளை ஊகித்து எழுதும் நிலைக்கு வருகிறார்கள்.

கடிதத்தில் அனுப்புநர் பெறுநர்

வகை தெரியாததன் விலை எழுத்துத் தாளில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். முதல் பணி ஒரு கடிதம், குறைந்தது 150 சொல், 20 நிமிடம். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250 சொல், 40 நிமிடம். மதிப்பெண்ணில் கடிதத்தைப் போல் இரண்டு மடங்கு கனம்.

தேர்வருக்குக் கொடுத்த பணி அவருக்கே நாளை தேவைப்படுவது: முன்பு வேலை பார்த்த நிறுவன மேலாளரிடம் பணி அனுபவச் சான்று கேட்டு எழுத வேண்டும். நீங்கள் யார், எப்போது வேலை பார்த்தீர்கள்; சான்று எதற்கு; அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மூன்று குறிப்புகள். அவர் எழுதியது ஃப்ரம், டு, சப்ஜெக்ட் என்று தொடங்கியது. ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘ஐ ஹம்ப்ளி சப்மிட்’, ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’, கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதத்துக்கும் ஆட்சியர் அலுவலக மனுவுக்கும் கற்ற வடிவம் இது. அந்த இடங்களில் அதற்கு மரியாதை உண்டு. இந்தத் தேர்வில் முகவரி எழுத வேண்டாம் என்று கேள்வித்தாளே சொல்கிறது. பணிவுச் சொற்களும் முகவரியும் சேர்ந்து இடத்தை நிரப்பியதில் மூன்றாம் குறிப்பு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. சான்றில் பதவி, பணிக்காலம், வார வேலை நேரம், செய்த வேலைகள் வேண்டும் என்று விரித்திருக்க வேண்டிய இடம் அது.

பெயர் தெரியாதவருக்கு ‘டியர் சார் ஆர் மேடம்’, முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயர் தெரிந்தவருக்கு ‘டியர் மிஸ்டர்’ என்று குடும்பப் பெயர், முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. நண்பருக்குப் பெயர் மட்டும், முடிவில் ‘பெஸ்ட் விஷஸ்’. இதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். தொனியை நடுவில் மாறாமல் காப்பதுதான் கடினம். மேலாளர் கடிதத்தில் ‘ஐ ஆம்’ என்பதற்குப் பதில் சுருக்க வடிவம் வந்து விழும். நண்பருக்கு எழுதும்போது ‘ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ’ என்று அலுவலகம் எட்டிப் பார்க்கும். மதிப்பீட்டு அளவுகோல் இதை நேரடியாகக் கணக்கில் எடுக்கிறது: மதிப்பெண் 6 என்றால் தொனியில் ஏற்ற இறக்கம் இருக்கலாம், 7 வாங்கத் தொனி ஒரே சீராகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கட்டுரை கட்டாயம், இரண்டாம் பணியில் ஆர்ட்டிக்கிள் (இதழ்க் கட்டுரை), ரிப்போர்ட், ரிவ்யூ, மின்னஞ்சல் போன்றவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; ஒவ்வொன்றும் 140 முதல் 190 சொல். அந்தத் தேர்வில் வகை அறிவு இன்னும் நேரடியாக மதிப்பெண்ணாகிறது.

பழக்கிய முறையும் புதிதாக முளைத்த பிழையும்

பயிற்சி இரண்டு கட்டம். முதலில், தோற்றம் நீக்கிய உரைகளை நான்கு கேள்விகளால் பிரிப்பது. அது கைவந்த பிறகு வகை மாற்றம்: அதே தடைக்கால அறிவிப்பை வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்குக் கடிதமாகவும், பட்டறை விளம்பரத்தை நடுநிலைச் செய்தியாகவும் ஆங்கிலத்தில் மாற்றி எழுத வேண்டும். விளம்பரத்தைச் செய்தியாக்கும்போது ‘பெஸ்ட்’ என்ற சொல்லை என்ன செய்வது என்று கை நிற்கும். யாராவது சொன்னதாக எழுத வேண்டும், இல்லையென்றால் நீக்க வேண்டும். இந்தத் தடுமாற்றம் கற்றுக்கொடுப்பதை எந்த அம்சப் பட்டியலும் கற்றுக்கொடுக்காது. வாசிப்பில் ‘யார் வாய்?’ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் இயல்பாக வருகிறது.

இந்தப் பயிற்சி முதல் இரண்டு பகுதிகளில் தேர்வரைச் சீக்கிரம் நிமிர்த்துகிறது. ஆனால் கூடவே புதிய பிழை ஒன்றும் முளைக்கிறது. முதல் வாக்கியத்திலேயே முத்திரை குத்திவிட்டு, பிறகு உரை வேறு பக்கம் திரும்பினாலும் கவனிக்காமல் போவது. சுற்றுலா விடுதி பற்றிய விமர்சனம் நாலு வரி புகழ்ந்ததும் விளம்பரம் என்று முடிவுகட்டி, ஐந்தாம் வரியில் வரும் குறையைத் தாண்டிவிடுவார்கள். பயணக் கட்டுரை நடுவில் டிக்கெட் நேரம் சொல்லும். விதித் தாள் ஒரு பத்தி நிறுவனத்தின் வரலாறு சொல்லும். கலப்பு உரைகளை வேண்டுமென்றே கொடுத்து, நடுவில் பேசுபவர் மாறும் இடத்தில் ஒரு கோடு கிழிக்கச் சொல்வதே இதற்கு வைத்தியம்.

பத்தித் தலைப்பு பொருத்துவது இன்னும் அவருக்கு முழுதாகக் கைவரவில்லை. வகை அறிவு அங்கே பாதி வழி வரைதான் கொண்டுபோகும். மீதி, நீளமான ஆங்கிலக் கட்டுரைகளை நிறையப் படிப்பதால் மட்டுமே வரும். தினம் ஒரு கட்டுரை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஐந்து சொல்லுக்குள் ஓரக்குறிப்பு எழுத வேண்டும். குறிப்பில் பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் அடித்துவிட்டு, வினைச்சொல்லோடு மறுபடி எழுத வேண்டும். ‘புயல்’ என்று எழுதினால் போதாது, ‘பாலம் விரைவில் மீண்டதைச் சொல்கிறது’ என்று வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிய உரை எதையும் தொடாமல், ஏற்கெனவே தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வகை, விடை இருந்த வாக்கியம், ஏமாற்றிய சொல் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.